மீட் ஏரியின் கூட்டுக் கணக்கு

2022 ஜூலையில் மீட் ஏரியின் நீர்மட்டம் சுமார் 1,040 அடிக்கு இறங்கியது. 1930களில் கொலராடோ ஆற்றில் ஹூவர் அணை கட்டி நீர் நிரப்பிய பிறகு அவ்வளவு கீழே அது போனதில்லை. ஆனாலும் அந்த ஏரியை நம்பியிருக்கும் அரிசோனா, கலிபோர்னியா, நெவாடா மாநிலங்களும் மெக்சிகோவும் நீதிமன்றப் படி ஏறவில்லை. கொலராடோ ஆற்றின் கூட்டு நிர்வாகம் வென்றதற்குச் சான்றாக இதைத்தான் காட்டுகிறார்கள். பாதிதான் சரி.

இதே ஆற்றுக்காக 1952இல் அரிசோனா கலிபோர்னியா மீது தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வர 1963 ஆயிற்று. அதை நினைத்தால் 2007ஆம் ஆண்டின் இடைக்கால விதிகள் செய்த காரியம் பெரிது. ஏரி எத்தனை அடிக்கு இறங்கினால் யாருக்கு எவ்வளவு வெட்டு என்பதை, நெருக்கடி முற்றுவதற்கு முன்பே பேசி முடித்துவிட்டார்கள். முதல் படி 1,075 அடி. 2019இல் கூடுதல் வெட்டுகளுக்கும் ஒப்புக்கொண்டார்கள். 2021 ஆகஸ்டில் முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டபோது அரிசோனா அடுத்த ஆண்டுக்கான பங்கில் 22 டி.எம்.சி.யை இழந்தது. அங்குள்ள பினால் வட்டார விவசாயிகளுக்கு அது பேரிடி. ஆனால் வெட்டின் அளவு முன்கூட்டியே தெரிந்திருந்ததால் வழக்கு முளைக்கவில்லை.

இன்னொரு நல்ல ஏற்பாடு, மிச்சம் பிடித்த தண்ணீரை வங்கியில் போடுவதுபோல ஏரியிலேயே தன் பெயரில் வரவு வைப்பது. விடுகிற தண்ணீரை அடுத்தவன் எடுத்துக்கொள்வான் என்ற பயம் இதனால் போயிற்று. 2010 நிலநடுக்கத்தில் மெக்சிகாலி வாய்க்கால்கள் உடைந்தபோது, மெக்சிகோ தன் பங்கை இந்த ஏரியில் விட்டுவைக்கவும் வழி பிறந்தது. ஆனால் இங்கேதான் கோளாறும் இருக்கிறது. வரவில் கிடக்கும் தண்ணீரும் நீர்மட்டத்தில் சேர்ந்தே தெரிகிறது. மட்டம் உயர்ந்து நிற்க, வெட்டு தள்ளிப்போகிறது. பிறகொரு நாள் திருப்பி எடுக்கப்போகும் தண்ணீரைக் காட்டி, ஏரிக்கு இன்னும் ஆபத்தில்லை என்று விதி சொல்லிக்கொண்டிருக்கும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஆவியாதல். மூன்று மாநிலங்களின் பங்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, நம் கணக்கில் 327 டி.எம்.சி. மெக்சிகோவுக்கு 65. பாலைவன வெயில் குடிப்பதும் வழியில் கசிவதும் யார் பற்றிலும் எழுதப்படவில்லை. அதனால் மேலிருந்து வழக்கமான அளவு தண்ணீர் வரும் ஆண்டிலும் ஏறத்தாழ 52 டி.எம்.சி. துண்டு விழுகிறது. வறட்சி இந்தக் குறையை வெளிச்சம் போட்டது, அவ்வளவே. 2007 விதிகள் இதைத் தொடவில்லை. ஆற்றுப் படுகையின் 30 பழங்குடிச் சமூகங்களுக்கும் அந்தப் பேச்சில் உரிய இடம் தரப்படவில்லை. ஆனால் 2019இல் கூடுதல் வெட்டுகளுக்கான அரிசோனாவின் திட்டம் நிறைவேற, ஹீலா ஆற்றுப் பழங்குடியினரின் தண்ணீர் தேவைப்பட்டது.

2022 ஜூனில் மத்திய நீர்வள அமைப்பு 20 முதல் 40 லட்சம் ஏக்கர்-அடி குறைக்கச் சொல்லி, இரண்டு மாதம் கெடு வைத்தது. கெடு முடிந்தது, உடன்பாடு வரவில்லை. 2023 ஜனவரியில் ஆற்றுப் படுகையின் ஏழு மாநிலங்களில் ஆறு ஒரு திட்டம் கொடுக்க, கலிபோர்னியா தனியாக ஒன்று கொடுத்தது. மே மாதம்தான் கீழ்ப்படுகையின் மூன்று மாநிலங்களும் 2026க்குள் 131 டி.எம்.சி. குறைக்க இணங்கின. அதில் 100 டி.எம்.சி.க்கு வாஷிங்டன் சுமார் 120 கோடி டாலர் தர வேண்டும். தானே வெட்டப்போவதாக மத்திய அரசு ஏப்ரலில் வெளியிட்ட வரைவு ஒருபுறம் நெருக்கியது. அந்தக் குளிர்காலத்தின் கனத்த பனிப்பொழிவு மறுபுறம் கைகொடுத்தது. இவற்றை விட்டுவிட்டு ஒத்துழைப்பை மட்டும் புகழ்வது முகஸ்துதி.

ஆகவே என் தீர்ப்பு: இழப்பைச் சண்டையில்லாமல் பங்கிடுவதில் இந்தக் கூட்டு தேறியது, வரவுக்குள் செலவை அடக்குவதில் தோற்றது. 2007 விதிகள் 2026உடன் காலாவதியாகின்றன. புதிய விதிகளில் ஆவியாதலை ஒவ்வொரு பயனாளியின் கணக்கிலும் கழிக்க வேண்டும். பழைய உரிமையின் பலத்தில் ஆண்டுக்கு 135 டி.எம்.சி. வைத்திருக்கும் கலிபோர்னியாவின் இம்பீரியல் பாசன மாவட்டத்துக்கும் அதில் விலக்கு கூடாது.