நாவலோடு நின்றுவிடும் பரிந்துரைகள்

என்ன படிக்கலாம் என்று கேட்பவருக்குத் தமிழில் கிடைக்கும் விடை பெரும்பாலும் நாவல்தான். கல்கி, ஜானகிராமன், கி.ரா. என்று நீளும் அந்த வரிசையில் குறை சொல்ல ஏதுமில்லை. அதோடு நின்றுவிடுவதுதான் குறை. தன்வரலாறு, பண்பாட்டுக் கட்டுரை, இயற்கை எழுத்து ஆகியவை ஆய்வாளர்களுக்கு என ஒதுக்கப்பட்டுவிட்டன. கதை படித்துப் பழகிய வாசகருக்கே இவற்றை முதலில் பரிந்துரைக்க வேண்டும் என்பேன்.

உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' இதற்குச் சான்று. 1880இல் கும்பகோணம் கல்லூரி ஆசிரியரான உ.வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தனுப்ப, 1887இல் அந்நூல் அச்சேறுகிறது. எந்த நாவலாசிரியரும் பொறாமைப்படும் காட்சி இது. பழகிய வகையிலிருந்து வாசகரை வெளியே அழைத்துப்போவதே நல்ல பரிந்துரை என்பதற்கும் இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

புதிய வாசகருக்கு இவை சலிப்பூட்டாவா என்பார்கள். 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. வாரப் பத்திரிகை வாசகர்களுக்காகவே எழுதப்பட்டது. சிறுசிறு அத்தியாயங்கள், புலமையின் பாரம் எங்கும் அழுத்தாத நடை. தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' இன்னும் எளிது. உப்பு, தேங்காய் என்று அன்றாடம் புழங்கும் பொருள்களை எடுத்துக்கொண்டு சில பக்கங்களில் சமூக வரலாற்றையே சொல்லிவிடுகிறார். மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' படித்தவருக்கு வீட்டுக்கு வெளியே கேட்கும் பறவைக்குரல் வெறும் சத்தமாக இருக்காது. எல்லாமே இவ்வளவு எளிதல்ல என்பதும் உண்மை. ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பை முதலில் கையில் கொடுப்பது தவறு. அதற்குப் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' நாவல் வழியாகப் போவதே சரி.

தன்வரலாறு பெரிய மனிதர்களின் சாதனைப் பட்டியல்தானே என்பது இன்னொரு தடை. 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' அதைத் தகர்த்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கைபடாமல் சரட்டைப் பிடித்துத் தூக்கிப்போவதைப் பார்த்துச் சிறுமி சிரிக்கிறாள். அவர் தொட்டால் மேல்சாதியினருக்குத் தீட்டு என்பதால் அப்படிக் கொண்டுபோகிறார் என்று அண்ணன் விளக்கியதும் அந்தச் சிரிப்பு கோபமாகிறது. சாதி பற்றிய எத்தனையோ கட்டுரைகள் சொல்லித் தீராததை இந்த ஒரு பொட்டலம் சொல்லிவிடுகிறது. பேச்சுமொழியில், நடந்தது நடந்தபடி சொல்வதால் வரும் வலிமை அது.

இவையெல்லாம் இலக்கியமா என்ற தயக்கத்துக்கும் இடமில்லை. தமிழுக்கான முதல் சாகித்திய அகாதமி விருது 1955இல் ரா.பி. சேதுப்பிள்ளையின் 'தமிழின்பம்' என்ற கட்டுரை நூலுக்கே கிடைத்தது. 2024இல் ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்ற வரலாற்று நூல் அவ்விருதைப் பெற்றது. இனி நண்பருக்கு ஒரு நாவலைச் சொல்லும்போது, இவற்றில் ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்; எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் 'கருக்கு' என்று சொல்லுங்கள்.