சட்டைப்பைக்கு ஒரு நீதி, தோள்பைக்கு ஒரு நீதி

'தோஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு' தீர்ப்பைப் பற்றிப் பேசும்போது பலரிடம் ஒரு வெற்றிக் களிப்பு தெரியுது. நியாயம்தான். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் அதிகாரி வாங்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்று நீதிபதிகளில் இருவர். ஆனால் அது வாயிலிருந்து வந்ததைப் பற்றிய தீர்ப்பு. பையிலிருந்து எடுத்தது?

பொது இடத்தில் வாரன்ட் இல்லாமலே மடக்கலாம், சோதிக்கலாம், கைது செய்யலாம், 43ஆம் பிரிவு. மடக்கப்பட்டவருக்குக் கிடைக்கும் பிடிமானம் 50ஆம் பிரிவு: 'கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்ட்ரேட் முன்னால் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம்' என்று அவரிடம் தெரிவிக்கணும். முறைகேடாக எடுத்ததும் சாட்சியமே என்று 1973-ல் பூரன் மல் வழக்கில் (அது வருமான வரி ரெய்டு) சொல்லியிருந்தும், 1999-ல் பல்தேவ் சிங் வழக்கில் நீதிமன்றம் இங்கே கோடு போட்டது. அந்த உரிமையைத் தெரிவிக்காமல் உடம்பில் எடுத்த பொருளை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. காரணம்? தண்டனை கடுமை, அப்பாவி தலையில் கட்டிவிடும் ஆபத்து.

அப்புறம்தான் சறுக்கல். 2005-ல் பவன் குமார், 2023-ல் ரஞ்சன் குமார் சத்தா. இரண்டிலும் ஒரே பதில்: பை என்பது 'ஆள்' அல்ல. பையை மட்டும் சோதித்தால் 50ஆம் பிரிவு பொருந்தாது.

சொல்லுக்குச் சொல் படித்தால் சரி. சட்டத்தில் இருக்கிற வார்த்தை 'ஆள்'தான். அதை இழுத்து நீட்டுவது நீதிமன்றத்தின் வேலை இல்லைங்கிற வாதத்தையும் மதிக்கிறேன். ஆனா செருகிவிடுவதுதான் பயம் என்றால், செருக எது சுலபம்? நான் போட்டிருக்கிற சட்டையின் பாக்கெட்டா, முதுகில் தொங்குற பையா? சிறுசேரி சிப்காட்டில் வேலைக்குப் போற எவரும் ஆறு ஜிப் உள்ள பையோடுதான் போறாங்க. எந்த ஜிப்பில் என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. ஆபத்து அதிகமான இடத்தில்தான் பாதுகாப்பு இல்லை.

1.7.2024 முதல் புது நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுக்கச் சொல்லுது. பைக்கும் இது உதவும். எடுக்கலைன்னா என்ன ஆகும் என்று மட்டும் அந்தப் பிரிவு சொல்லலை. எங்க பாஷையில், படிவத்தில் நட்சத்திரக் குறி போட்டு 'கட்டாயம்' என்று எழுதிட்டு, காலியா விட்டாலும் சப்மிட் ஆகிற மாதிரி. இனி வக்கீல் முதல் நாளே கேட்க வேண்டியது அந்த வீடியோவை. அதுவும் பை மூடியிருக்கும்போதே தொடங்குகிற வீடியோவை.