லிலிபாண்ட்: மூலநிரல் வழியாக ஒரு விமர்சனம்

2024 ஆகஸ்ட் 26 அன்று மேக்மியூசிக் நிறுவனம் தன்னுடைய ஃபினாலே மென்பொருளை நிறுத்துவதாக அறிவித்தது. மேற்கத்திய இசைக்குறிப்புகளை அச்சுக்குத் தயார் செய்வதில் 35 ஆண்டுகளாகப் புழங்கிய மென்பொருள் அது. முதல் அறிவிப்பில் இன்னொரு குண்டும் இருந்தது: ஒரு வருடத்துக்குப் பிறகு புதுக் கணினியில் அதை ஆக்டிவேட் செய்ய முடியாது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த ஒரு பகுதியை மட்டும் வாபஸ் வாங்கினார்கள். காசு கொடுத்து வாங்கிய மென்பொருள், அதில் எழுதிச் சேர்த்த நூற்றுக்கணக்கான பக்கங்கள், எல்லாமே இன்னொருவருடைய சர்வரின் தயவில் இருந்தன என்பது பல இசையமைப்பாளர்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்த மாதிரி செய்தி வந்தால் நம்மைப் போன்ற மென்பொருள்காரர்கள் உடனே சொல்வது: “ஓப்பன் சோர்ஸா இருந்திருந்தா இந்தக் கதி வந்திருக்காது.” நானும் அந்தக் கட்சிதான். ஆனால் ஒரு கட்சியில் இருந்தால் அதன் கணக்கையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். மூலநிரல் நம் கையில் இருக்கிறது என்பதற்கு நடைமுறையில் என்ன அர்த்தம்? இதைச் சோதிக்க இசை அச்சுக்கோப்பிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது: லிலிபாண்ட். அதை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து நிறுவிப் பார்த்ததை வைத்து எழுதும் விமர்சனம் இது. மென்பொருளின் பக்கங்கள் அழகாக இருக்கின்றனவா என்று ஏற்கனவே பலர் எழுதிவிட்டார்கள். அந்த அழகு எதன்மேல் நிற்கிறது என்று பார்ப்பதுதான் என் உத்தேசம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. லிலிபாண்ட் 1996-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்-வென் நீன்ஹவ்ஸ், யான் நியூவன்ஹவ்சன் என்ற இருவர் தொடங்கியது. குனு திட்டத்தின் ஒரு பகுதி. மவுஸால் ஐந்து கோட்டில் ஸ்வரங்களை இழுத்து வைக்கும் வேலையே இதில் இல்லை. ஸ்வரங்களை எழுத்துகளாகச் சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் எழுதிக் கொடுத்தால், பக்கத்தை அதுவே வடிவமைத்துப் பி.டி.எஃப்.பாகத் தரும். லேட்டெக் தெரிந்தவர்களுக்கு இந்த மனநிலை உடனே பிடிபடும்.

இவர்களுடைய கோபம் எதன்மேல் என்பதை அவர்களின் ஆவணமே சொல்கிறது. பாஹின் செல்லோ தொகுப்பிலிருந்து ஒரே பகுதியை இரண்டு பதிப்புகளில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். ஒன்று 1950-ல் பேரன்ரைட்டர் வெளியிட்டது, கையால் தகட்டில் செதுக்கியது. இன்னொன்று 2000-ல் ஹென்லே வெளியிட்டது, கணினியில் செய்தது. பழையதில் கோடுகளுக்கு ஒரு கனம், ஸ்வரங்களுக்கு இடையே ஒரு மூச்சு இருக்கிறது. புதியதில் எல்லாம் அளவெடுத்தாற்போல் ஒரே மாதிரி. அந்தப் பழைய செதுக்குக்காரர்களின் கண்ணை நிரலாக்குவதுதான் எங்கள் வேலை என்கிறார்கள். பெரிய வாக்குறுதி. அதற்கு என்ன விலை என்பது கம்பைல் செய்யும்போதுதான் தெரிகிறது.

முதல் படியான ‘கான்ஃபிகர்’ ஸ்கிரிப்டை ஓட்டினால், உங்கள் கணினியில் என்னென்ன இல்லை என்று ஒரு பட்டியல் வரும். சாதாரணமாக எரிச்சலூட்டும் பட்டியல். ஆனால் பொறுமையாகப் படித்தால் அதுவே இந்த மென்பொருளின் சுயசரிதை. சி++ கம்பைலர், பைசன், ஃப்ளெக்ஸ், பைத்தான் கேட்பது புரிகிறது. மெட்டாபோஸ்ட், ஃபாண்ட்ஃபோர்ஜ் எல்லாம் எதற்கு? இசை எழுதுகிற மென்பொருளுக்கு எழுத்துரு செய்கிற கருவி ஏன்?

ஏனென்றால் எழுத்துருவும் இங்கே நிரல்தான். லிலிபாண்டின் இசைக்குறிகள் ‘எம்மென்டாலர்’ என்ற எழுத்துருவில் வருகின்றன (ஃபெட்டா, பார்மிசான் என்று உள்ளே இன்னும் சில பாலாடைக்கட்டிகள் உண்டு, குசும்பு). இந்தக் குறிகள் படங்களாகச் சேமிக்கப்படவில்லை, கனூத் உருவாக்கிய மெட்டாஃபாண்ட் மொழியில் சமன்பாடுகளாக எழுதப்பட்டிருக்கின்றன. பில்டின்போது அவை எட்டு வெவ்வேறு அளவுகளில் தனித்தனியாக உருவாகின்றன. சின்ன அளவு என்பது பெரிய அளவைச் சுருக்கியது அல்ல. சின்னதில் குறிகள் கொஞ்சம் தடிப்பாக இருக்கும், அப்போதுதான் தூரத்திலிருந்து படிக்கும் வாத்தியக்காரருக்குக் கண் உறுத்தாது. அந்தக் காலத்துச் செதுக்குக்காரர் ஒவ்வொரு அளவுக்கும் தனி அச்சாணி வைத்திருந்தது இதற்காகத்தான். ஆக, பேரன்ரைட்டர் பக்கத்தின் அந்தக் ‘கனம்’ எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு, பில்ட் ஓடும்போது திரையில் பதில் ஓடுகிறது. ரெடிமேட் பைனரியை இறக்கி நிறுவுபவர் இதைப் பார்க்க வாய்ப்பே இல்லை.

பட்டியலில் பாங்கோ இருக்கிறது. பாடல் வரிகளை அதுதான் வடிவமைக்கிறது. ஸ்வரங்களுக்குக் கீழே தமிழ் வரிகளை யூனிகோடில் எழுதினால் கொம்பும் காலும் சரியான இடத்தில் வந்து உட்காருவது இதன் உபயம். தமிழுக்கென்று யாரும் தனியாக எதுவும் எழுதவில்லை. பொதுவான ஒரு நூலகத்தின் தோளில் ஏறியதால் கிடைத்தது.

பிறகு யு.ஆர்.டபிள்யூ. எழுத்துருக்களைக் கேட்கும், அதுவும் ஓப்பன்டைப் வடிவில். சில கணினிகளில் அவை வேறு எங்கோ ஒரு டைரக்டரியில் ஒளிந்திருக்கும். இருக்கும் இடத்தை நாமே சொல்லித் தந்தால்தான் அடுத்த அடி. இதெல்லாம் தாண்டக்கூடிய மேடுகள். உண்மையான பள்ளம் பட்டியலின் இன்னொரு வரியில் இருக்கிறது: கைல்.

கைல் என்பது ஸ்கீம் மொழியை ஓட்டும் ஒரு இயந்திரம். லிலிபாண்டின் வேகமான பகுதிகள் சி++, மற்றபடி அதன் விதிகளில் பெரும்பகுதி ஸ்கீம். இதனால் கிடைக்கும் சுதந்திரம் சாதாரணமானதல்ல. ஒரு வளைகோடு எப்படி வளைய வேண்டும், ஒரு தண்டு எவ்வளவு நீள வேண்டும் என்ற முடிவை, மூலநிரலைத் தொடாமல், நம் இசைக்கோப்பிலிருந்தே மாற்றி எழுதலாம். வடிவமைப்பாக மிக நல்ல முடிவு என்றுதான் இன்றும் சொல்வேன்.

அந்த நல்ல முடிவுதான் பத்து வருடம் கழுத்தைப் பிடித்தது. கைல் 2.0 பதிப்பு 2011-ல் வந்தது. நினைவக மேலாண்மை மாறியது, எழுத்துச்சரங்களை வைத்திருக்கும் முறை மாறியது, நிரலை முன்கூட்டியே பைட்கோடாக மாற்றும் முறை வந்தது. லிலிபாண்டோ பழைய 1.8-ன் உள்ளுறுப்புகளோடு பின்னிப் பிணைந்திருந்தது. புதியதில் ஓட்டினால் வேகம் படுத்துவிட்டது. அதனால் 1.8-லேயே நின்றார்கள். கைல்காரர்கள் 1.8-ஐக் கைவிட்டார்கள், லினக்ஸ் வழங்கல்கள் அதைத் தங்கள் களஞ்சியங்களிலிருந்து நீக்க ஆரம்பித்தன. லிலிபாண்ட் அதிகாரபூர்வமாகக் கைல் 2.2-க்கு மாறியது 2.24 பதிப்பில், 2022 டிசம்பரில். கிட்டத்தட்ட 12 வருடம்! இடையில் 2.18 பதிப்புக்கும் (2013 டிசம்பர்) 2.20 பதிப்புக்கும் (2020 மார்ச்) நடுவே ஆறு வருடத்துக்கு மேல் இடைவெளி.

என் விமர்சனத்தின் மையம் இதுதான். ஒரு பழைய 2.18 பதிப்பை இன்றைக்கு மூலநிரலிலிருந்து கம்பைல் செய்ய நினைத்தால் என்ன ஆகும்? நிரல் முழுசாக இருக்கிறது, உரிமம் இருக்கிறது, யார் அனுமதியும் தேவையில்லை. ஆனால் அதற்குக் கைல் 1.8 வேண்டும், பைத்தான் 2 வேண்டும். முதலாவது களஞ்சியத்தில் இல்லை, இரண்டாவதின் ஆயுள் 2020-ல் முடிந்தது. அவற்றையும் மூலநிரலிலிருந்தே கட்டலாம்தான். ஆனால் இன்றைய கம்பைலர் பழைய நிரலைப் பார்த்து முகம் சுளிக்கும். வீட்டுப் பத்திரம் நம் பெயரில் இருக்கிறது, ஆனால் வீட்டுக்குப் போகிற பாதை அழிந்துவிட்டது என்ற கதைதான்.

“பழைய பதிப்பு எதுக்கு? புதுசுக்கு மாத்திக்க வேண்டியதுதானே” என்று கேட்கலாம். அதற்கென்று ஒரு மாற்றும் கருவி கூடவே வருகிறது. எளிய கோப்புகளைச் சமத்தாக மாற்றிவிடும். ஆனால் மேலே சொன்ன ஸ்கீம் சுதந்திரத்தை யார் அதிகம் பயன்படுத்தினார்களோ, அவர்களுடைய கோப்புகளில்தான் அது கையை விரிக்கும். அதாவது, மென்பொருளை ஆழமாக நம்பியவருக்கே அதிகச் சிரமம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 2019-ல் ஆப்பிள் தன் கேட்டலினா பதிப்பில் 32-பிட் மென்பொருள்களை நிறுத்தியது. லிலிபாண்டின் அதிகாரபூர்வ மேக் பைனரி அப்போது 32-பிட். ஒரே அப்டேட்டில் மேக் பயனர்கள் தெருவுக்கு வந்தார்கள். மூடிய மென்பொருளாக இருந்தால் நிறுவனத்தின் வாயைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான். இங்கே கம்பைல் செய்யத் தெரிந்த சில ஆர்வலர்கள் தாங்களே 64-பிட் பைனரிகளைக் கட்டி மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். உரிமம் தந்த உரிமை அங்கே உண்மையிலேயே வேலை செய்தது. ஆனால் கவனியுங்கள்: உரிமம் எல்லோருக்கும் பொது, வேலை செய்தது அந்தக் கம்பைல் தெரிந்த நாலு பேரால்.

2.24-ல் பாதையைச் செப்பனிட்டிருக்கிறார்கள். முன்பு எல்லா இயங்குதளங்களுக்குமான பைனரிகளை லினக்ஸிலிருந்து கட்டித் தரும் ‘கப்’ என்ற ஒரு பிரம்மாண்டக் கருவி இருந்தது. கம்பைலரையே முதலில் கட்டிக்கொண்டு பிறகு வேலையைத் தொடங்கும் ரகம். அதைத் தூக்கிவிட்டு அளவான ஸ்கிரிப்டுகளுக்கு வந்துவிட்டார்கள். இப்போது ஒரு லினக்ஸ் கணினியில் தேவையான பொதிகளை நிறுவிவிட்டுத் தனி டைரக்டரியில் ‘கான்ஃபிகர்’, ‘மேக்’ என்று போனால் ஒழுங்காகக் கட்டி முடிகிறது. ஒரு யோசனை: நிறுவும் இடமாக உங்கள் ஹோம் டைரக்டரிக்குள் பதிப்பு எண்ணோடு ஒரு தனி இடத்தைக் கொடுங்கள். வழங்கலோடு வந்த பதிப்போடு மோதாது, பல பதிப்புகளை அருகருகே வைத்துக்கொள்ளலாம். ஃப்ரெஸ்கோபால்டி எடிட்டரில் எல்லாவற்றையும் பதிந்துவைத்து, கோப்புக்கு ஏற்ற பதிப்பில் ஓட்டலாம்.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. வெறும் ‘மேக்’ கொடுத்து நிறுத்தினால் ஸ்கீம் கோப்புகள் பைட்கோடாக மாறுவதில்லை. அதற்குத் தனிக் கட்டளை, நிறுவவும் தனிக் கட்டளை. ஆவணத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பத்தி வரை படிக்காமல் நிறுவியவர், ஒவ்வொரு முறையும் ஆமை வேகத்தில் திறப்பதைப் பார்த்து, “கைல் 2 வந்ததும் கெட்டுப் போச்சு” என்று முடிவு கட்டிவிடுவார். பத்து வருடம் போராடி மீட்ட வேகத்தை இப்படி ஒரு கூடுதல் படிக்குப் பின்னால் வைப்பது சரியில்லை.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. லிலிபாண்டின் சோதனைத் தொகுப்பு. சாதாரண மென்பொருளில் சோதனை என்றால் ‘இந்த ஃபங்ஷன் சரியான எண்ணைத் தருகிறதா’ என்று பார்ப்போம். இங்கே சின்னச் சின்ன இசைத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நிரலை மாற்றும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றிய பிறகு மறுபடி வரைந்து, இரண்டையும் ஒப்பிட்டு, எங்கே ஒரு கோடு நகர்ந்திருக்கிறது என்று படமாகக் காட்டும். நகர்ந்தது நல்லதற்கா கெட்டதற்கா என்பதை மனிதர் ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். செதுக்குக்காரரின் கண்ணை நிரலாக்குகிறோம் என்றவர்கள், அந்தக் கண்ணுக்கு வேலை மிச்சம் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கட்டுரையைவிட இந்தச் சோதனைத் தொகுப்பைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

எனவே “ஓப்பன் சோர்ஸா இருந்திருந்தா” என்ற வாக்கியத்தை நான் இப்படித் திருத்திக்கொள்கிறேன்: ஓப்பன் சோர்ஸாக இருந்து, அதை இன்றைய கணினியில் கட்டக்கூடியவர்கள் சிலராவது இருந்தால், தப்பிக்க வழி உண்டு. உங்கள் இசை லிலிபாண்டில் இருந்தால் மூன்றைச் சேர்த்து வையுங்கள்: டெக்ஸ்ட் கோப்பு, அதன் பி.டி.எஃப்., அதைச் செய்த பதிப்பின் மூலநிரல் பொதி. டெக்ஸ்ட் கோப்பை ஐம்பது வருடம் கழித்தும் மனிதர் படிக்க முடியும். பி.டி.எஃப்.பை வைத்து வாசிக்க முடியும். மூன்றாவது பயன்பட வேண்டுமென்றால் மட்டும் யாராவது ஒருவர் அவ்வப்போது ‘மேக்’ என்று தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை மதியம் போதும். நீங்களும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.