வடக்கிலும் நீடித்த அடிமை முறை

வடக்கு விடுதலைக்காக நின்றது, தெற்கு அடிமை முறையைக் காக்கப் போரிட்டது: அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பள்ளிப் பாடம் நமக்கு இப்படித்தான் சொன்னது. தெற்கைப் பற்றிய பாதி உண்மைதான். வடக்கைப் பற்றிய பாதியை அண்மைக்கால ஆய்வுகள் கலைத்துவிட்டன. தமிழர்கள் பெருமளவில் குடியேறியிருக்கும் நியூஜெர்சியும் சான் பிரான்சிஸ்கோ வட்டாரமும், தெற்கு மாநிலமான டெக்சாஸும் அடிமை முறை பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி வருகின்றன.

நியூஜெர்சியில் 1800இல் 12,000க்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். 1804ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களில் ஒருவரையும் விடுவிக்கவில்லை. அந்த ஆண்டு ஜூலை 4 முதல் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளைக்கே விடுதலை. அதுவும் பெண் 21 வயது வரை, ஆண் 25 வயது வரை தாயின் எசமானுக்கு உழைத்துக் கொடுத்த பிறகு. எசமானர்களுக்கு நட்டம் வராதபடி விடுதலையின் விலையை அடிமைகளே உழைப்பாகக் கட்டினார்கள். ஜேம்ஸ் ஜிகன்டினோவின் 2014ஆம் ஆண்டு நூலைப் படிப்பவருக்கு இது தெளிவாகும். 1818இல் மிடில்செக்ஸ் மாவட்ட நீதிபதி ஜேக்கப் வான் விக்கிள், விருப்பத்தோடு போகிறார்கள் என்று சான்றளித்துப் பலரை லூசியானாவுக்குக் கடத்த வழிசெய்தார். கைக்குழந்தைகளும் அதில் இருந்தன. இன்று நம்மவர்கள் வாழும் எடிசன் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

1846இல் மிஞ்சிய அடிமைகளைச் சட்டம் ‘வாழ்நாள் பயிற்சியாளர்’ ஆக்கியது. எசமானும் மாறவில்லை, வேலையும் மாறவில்லை. அதற்கு மூன்றாண்டு முன்பு, 1843இல், இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அடிமை முறைக்கு எதிராக இயற்றிய 5ஆம் சட்டத்துக்குப் பிறகும் தஞ்சைப் பண்ணையாட்கள் கடனால் கட்டுண்டு கிடந்ததை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நியூவர்க்கின் காலணி, குதிரைவண்டிப் பட்டறைகளுக்குத் தெற்கு பெரிய சந்தை. நியூஜெர்சியின் தயக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம். அடிமை முறையை ஒழித்த அமெரிக்க அரசமைப்பின் 13ஆம் திருத்தத்தை 1865இல் நிராகரித்த அந்த மாநிலம், அது நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பிறகு 1866 ஜனவரியில்தான் ஏற்றது.

கலிபோர்னியாவின் 1849 அரசமைப்பு அடிமை முறையைத் தடை செய்தது. ஆனாலும் மாநிலமாகும் முன் அழைத்துவரப்பட்ட அடிமைகளைத் தெற்கத்தி எசமானர்கள் திருப்பிக் கொண்டுபோக 1852இல் சட்டம் இடம் கொடுத்தது. 1858இல் ஆர்ச்சி லீ என்ற அடிமையின் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், சட்டம் எசமானுக்குச் சாதகமில்லை என்று சொல்லிக்கொண்டே அவரிடம் லீயை ஒப்படைத்தது. கறுப்பின மக்கள் பணம் திரட்டி விடாமல் போராடி சான் பிரான்சிஸ்கோவில் லீயை மீட்டார்கள். ஸ்டேசி ஸ்மித்தின் 2013ஆம் ஆண்டு ஆய்வு இந்த மேற்குக் கரை மோதலை விரிவாகப் பேசுகிறது.

டெக்சாஸில் 1860இல் 1,82,566 அடிமைகள், மக்கள்தொகையில் ஏறத்தாழ 30 விழுக்காடு. அந்தப் பொருளாதாரத்தின் அடித்தளமே அடிமை உழைப்புதான் என்பதை ரேண்டால்ஃப் கேம்ப்பெல் 1989இலேயே நிறுவினார். ஆலிஸ் பாம்கார்ட்னரின் 2020ஆம் ஆண்டு நூல் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: தப்பியோடியவர்களுக்குத் தெற்கே மெக்சிகோவும் விடுதலை மண்ணாக இருந்தது என்று அது காட்டுகிறது. 1865 ஜூன் 19 அன்று கால்வெஸ்டனில் விடுதலை அறிவிக்கப்பட்டது. ஆனால் 13ஆம் திருத்தம் குற்றத் தண்டனைக்கு விலக்கு வைத்திருந்தது. அந்த வழியாகக் கைதிகள் கரும்புத் தோட்டங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டார்கள். ஹூஸ்டனை அடுத்த சுகர்லேண்டில் 2018இல் பள்ளிக் கட்டுமானப் பணியின்போது அத்தகைய 95 பேரின் எலும்புகள் கிடைத்தன. இத்தகைய விலக்கு இன்னும் பழங்கதையாகிவிடவில்லை: சிறையில் கட்டாய வேலையைத் தடைசெய்யும் முன்மொழிவை 2024 நவம்பரில் கலிபோர்னிய வாக்காளர்கள் தோற்கடித்தார்கள்.