நிறுவியா, நிறுவவுமா?

பாலவாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் தெருக்களில் அடிக்கடி கண்ணில் படும் போர்டு இது: ‘வீடு, மனை வாங்க, விற்க’. கீழே ஒரு கைபேசி எண். அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இதை ‘பை அண்ட் செல் ஹவுசஸ்’ என்பார்கள். இரண்டு வினைகள், நடுவில் ஓர் ‘அண்ட்’, கடைசியில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு பன்மைச் செயப்படுபொருள். போர்டு எழுதியவர் செயப்படுபொருளைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டார். ‘ஐ’ உருபு போடவில்லை, ‘கள்’ போடவில்லை, ‘அண்ட்’டுக்கு ஈடாக ஒரு சொல்லும் தேடவில்லை. படிக்கிறவர் யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை.

இதே வாசகம் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டு வந்திருந்தால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ‘வீடுகள் மற்றும் மனைகளை வாங்கவும் மற்றும் விற்கவும்.’ செயலிகளில், வங்கிப் படிவங்களில், அரசு அறிவிப்புகளில் தினமும் பார்க்கிற தமிழ். இது தமிழே இல்லை என்று பலர் பல வருடமாகச் சொல்லிவிட்டார்கள். என்னுடைய புகார் கொஞ்சம் வேறு. இந்த ‘மற்றும்’, எழுதுகிறவர் எடுத்தே ஆக வேண்டிய ஒரு முடிவை எடுக்காமல் நழுவ வழி செய்கிறது. காதுக்கு நாராசமாக இருப்பதைவிட அதுதான் பெரிய கேடு.

என்ன முடிவு? ‘பை அண்ட் செல் ஹவுசஸ்’ என்றால் வாங்கும் வீடும் விற்கும் வீடும் ஒன்றா? ஆங்கில வாக்கியம் சொல்லவில்லை. ‘பில்ட் அண்ட் செல் ஹவுசஸ்’ என்று ஒரு பில்டர் சொன்னால், கட்டின வீட்டைத்தான் விற்கிறார் என்று புரிந்துகொள்கிறோம். வாக்கிய அமைப்பு இரண்டிலும் ஒன்றேதான். உலக அனுபவத்தை வைத்து நாம்தான் வேறுபடுத்துகிறோம். தமிழில் அமைப்பே வேறாகிவிடும். பில்டர் ‘வீடு கட்டி விற்கிறோம்’ என்பார். புரோக்கர் ‘வீடு வாங்க, விற்க’ என்று எழுதுவார். அவர் மறந்துபோய் ‘வீடு வாங்கி விற்கிறோம்’ என்று எழுதினால் தொழிலே மாறிவிடும். தன் காசைப் போட்டு வாங்கி, அதையே லாபத்துக்கு விற்கிறவர் என்று ஆகும். புரோக்கருக்குத் தேவை ஒரு போன். இவருக்குத் தேவை கோடிகளில் முதல். இத்தனை வித்தியாசமும் ‘வாங்க’வுக்கும் ‘வாங்கி’க்கும் நடுவில் இருக்கிறது.

இதற்குக் காரணம் எளிது. தமிழில் வினைமுற்றோடு எண்ணும்மை சேராது. அப்பாவும் அம்மாவும் என்று பெயர்களை அடுக்கலாம். வந்தான், போனான் என்பவற்றின் வாலில் ‘உம்’ ஒட்ட முடியாது. ஆகவே வினைகளைச் சேர்க்க முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, செய்து என்னும் வினையெச்சம்: வாங்கி, கட்டி, எழுதி. தொல்காப்பியம் இதற்கு ஒரு நிபந்தனை வைக்கிறது. எச்சத்தின் வினைமுதலும் முடிக்கும் வினையின் வினைமுதலும் ஒருவராகவே இருக்க வேண்டும். எச்சங்கள் பல அடுக்கி வந்தாலும் கடைசி எச்சம் முடியும்போது எல்லாம் சேர்ந்தே முடியும் என்றும் சொல்கிறது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் இது பைப்லைன். முதல் கட்டளையின் விளைவு அப்படியே அடுத்த கட்டளைக்குள் போகும். இரண்டாவது வழி, செய என்னும் எச்சம்: ‘வாங்கவும் விற்கவும்’ என்று உம்மையோடோ, ‘வாங்க, விற்க’ என்று உம்மை இல்லாமலோ. இது வெறும் பட்டியல். ஒன்றின் விளைவு மற்றொன்றுக்குப் போக வேண்டியதில்லை, எது முதலில் என்ற கேள்வியும் இல்லை. ‘தமிழ் எழுதப் படிக்கத் தெரியும்’ என்கிறோமே, யாராவது முதலில் எழுதிவிட்டு அப்புறம் படிக்கிறார்களா?

அந்த ‘வீடு’ பன்மையா ஒருமையா என்பதும் போர்டுக்காரருக்குப் பிரச்சினை இல்லை. நன்னூல் இந்த வகைக்குப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று பெயர் கொடுத்திருக்கிறது. ‘கள்’ வேண்டிய இடத்தில் வரும், வராமலும் இருக்கும். ஒரே ஒரு வீட்டை விற்க வருகிறவரும் நாலு மனை வாங்க வருகிறவரும் அந்தப் போர்டுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

இனி ‘மற்றும்’. பெயர்களுக்கு நடுவே அது வந்து குடியேறிவிட்டது. ‘ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை’ என்று அரசாங்கத் துறைக்கே பெயராகிவிட்டது. அதோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. வினைகளுக்கு நடுவே வருவதுதான் சிக்கல். ‘மற்று’ என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் இரண்டு வேலைகள் சொல்கிறது. ஒன்று, சொன்ன வினையிலிருந்து வேறொன்றுக்கு மாறுவது. இன்னொன்று, பொருளே இல்லாமல் இடத்தை அடைக்கும் அசைநிலை. இன்றைய மொழிபெயர்ப்பில் அது இரண்டாவது வேலையைத்தான் கர்மசிரத்தையாகச் செய்கிறது.

மாற்று வழி என்று சிலர் சொல்வது, ‘மற்றும்’ வரும் இடத்திலெல்லாம் வினையெச்சத்தைப் போடு என்பது. அதுவும் ஆபத்து. ஒரு செயலி உங்கள் அனுமதியைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்திகளைப் பார்க்கும் அதிகாரமும் நீக்கும் அதிகாரமும் அதற்கு வேண்டும். ‘செய்திகளைப் பார்த்து நீக்கும்’ என்று அழகான தமிழில் எழுதினால், பார்த்த பிறகுதான் நீக்கும், பார்த்ததைத்தான் நீக்கும் என்று தோன்றும். கேட்கப்படுவது அதைவிடப் பெரிய அதிகாரம். ‘செய்திகளைப் பார்க்கவும் நீக்கவும் அனுமதி’ என்பதுதான் நேர்மை. நல்ல தமிழாக இருப்பது மட்டும் போதாது. கேட்ட கேள்விக்குச் சரியான தமிழாகவும் இருக்க வேண்டும்.

பத்திரம் எழுதுகிறவர்களுக்கு இது அத்துப்படி. அவர்கள் தமிழை வடமொழிக் குப்பை என்று கேலி செய்கிறோம். ஆனால் கிரையப் பத்திரத்தில் ‘ஆண்டு அனுபவித்துக்கொள்ள’ என்று எச்சம் வரும். ஆள்வதும் அனுபவிப்பதும் அதே சொத்தை, அதே ஆள். பொது அதிகாரப் பத்திரத்தில் ‘விற்கவும், அடமானம் வைக்கவும், வாடகைக்கு விடவும்’ என்று உம்மை வரும். ஒவ்வொன்றும் தனித்தனி அதிகாரம். எதைச் செய்தாலும் செல்லும், எதையும் செய்யாமலும் இருக்கலாம். அங்கே ‘அடமானம் வைத்து விற்க’ என்று மாற்றி எழுதிப் பாருங்கள், வில்லங்கம் புரியும்.

இந்த வில்லங்கம் உச்ச நீதிமன்றம் வரை போன கதை ஒன்று உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 30ஆவது உறுப்பு, முதல் உட்பிரிவு. மத, மொழிச் சிறுபான்மையினர் தாங்கள் விரும்பும் கல்வி நிறுவனங்களை ‘எஸ்டாப்ளிஷ் அண்ட் அட்மினிஸ்டர்’ செய்ய உரிமை உண்டு என்கிறது ஆங்கில மூலம். அதே அமைப்பு: இரண்டு வினை, ஓர் ‘அண்ட்’, கடைசியில் பொதுவான பன்மைச் செயப்படுபொருள். நம் ஊர் போர்டின் ஆங்கில வடிவம்தான்.

1877இல் கல்லூரியான முகமதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரி, 1920ஆம் ஆண்டுச் சட்டத்தால் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் ஆனது. பின்னால் அந்தச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்களை எதிர்த்து வழக்கு போட்டவர்களின் வாதங்களில் ஒன்று இது: பல்கலைக்கழகத்தை நிறுவியது யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும், அரசமைப்புச் சட்டம் வருவதற்கு முன்பே சிறுபான்மையினர் நிர்வகித்து வந்திருந்தால் நிர்வகிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அஜீஸ் பாஷா வழக்கு என்று அறியப்படும் அதில் 1967இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. இரண்டு வினைகளையும் சேர்த்தே படிக்க வேண்டும், நிறுவியதைத்தான் நிர்வகிக்க முடியும் என்றது. பல்கலைக்கழகத்தை நிறுவியது சட்டம், ஆகவே அது சிறுபான்மை நிறுவனம் அல்ல என்றும் முடிவு செய்தது.

தமிழில் யோசித்தால் வழக்கு உடனே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வழக்கு போட்டவர்கள் படித்தது ‘நிறுவவும் நிர்வகிக்கவும் உரிமை’ என்று: இரண்டு உரிமை. நீதிமன்றம் படித்தது ‘நிறுவி நிர்வகிக்கும் உரிமை’ என்று: ஒரே தொடர். ஆங்கில ‘அண்ட்’ இரண்டையும் தனக்குள் வைத்திருந்தது. அரசியல் நிர்ணய சபையினர் எதை நினைத்தார்களோ, அந்தச் சொல் வாயைத் திறக்கவில்லை.

சரி, மூலமே மூடி வைத்திருக்கும்போது மொழிபெயர்ப்பாளர் ஏன் திறக்க வேண்டும், ‘நிறுவ மற்றும் நிர்வகிக்க’ என்று போட்டால் அந்த இரட்டைத்தன்மை அப்படியே வந்துவிடுமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆங்கிலத்தில் அந்த இரண்டு அர்த்தமும் பேச்சில் புழங்குகிறவை. படிக்கிறவர் இரண்டையும் அறிந்தவர், எடைபோடுவார். தமிழில் வினைகளுக்கு நடுவே வரும் ‘மற்றும்’ யார் வாயிலும் புழங்கியதில்லை. எடைபோட அதில் எதுவும் இல்லை. இரட்டைத்தன்மையைக் காப்பாற்ற நினைத்தால் ‘நிறுவவும் நிர்வகிக்கவும்’ என்பதே நெருக்கம். ஒன்றையேவா வேறுவேறா என்று உம்மை அடித்துச் சொல்வதில்லை, வாதத்துக்கு இடம் விடுகிறது. ‘நிறுவி’ என்று எழுதுகிற மொழிபெயர்ப்பாளர் தீர்ப்பும் எழுதிவிடுகிறார். அது தெரிந்து எழுத வேண்டும்.

2024 நவம்பர் 8 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு, நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அஜீஸ் பாஷா தீர்ப்பை நிராகரித்தது. கவனிக்க வேண்டியது, ‘அண்ட்’டை அது தொடவில்லை. இரண்டு வினைகளையும் சேர்த்தே படித்தது. சட்டம் இயற்றி உருவாக்கப்பட்டதாலேயே ஒரு நிறுவனத்தைச் சிறுபான்மையினர் நிறுவவில்லை என்று ஆகிவிடாது என்றது. யார் மனதில் உதித்தது, யாருக்காக, யார் பாடுபட்டு நிறைவேற்றினார்கள் என்று பார்க்கச் சொன்னது. அலிகர் பற்றிய இறுதி முடிவை வேறொரு அமர்வுக்கு விட்டது. அதாவது, தொடர் ‘நிறுவி நிர்வகித்தல்’ என்று உறுதியான பிறகு மிச்சமிருந்த கேள்வி ஒன்றுதான்: ‘நிறுவி’ என்ற எச்சத்துக்கு வினைமுதல் யார், நாடாளுமன்றமா, ஒரு சமூகமா? எச்சத்துக்கும் முற்றுக்கும் வினைமுதல் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற பழைய விதியைத் தெரிந்த ஒரு தமிழ் மாணவர் இந்த வழக்கின் முடிச்சு எங்கே என்று விரலை வைத்துக் காட்டிவிடுவார். ‘மற்றும்’ போட்டுப் பழகியவருக்கு அப்படி ஒரு முடிச்சு இருப்பதே தெரியாது.