டர்னரின் தேனீக்கள்: முந்தியவர் யார் என்னும் வழக்கு

தேனீ நிறம் காண வல்லது என நிறுவியவர் யார் என்று வினவினால், கார்ல் வான் ஃபிரிஷ் என்னும் விடையே நெடுங்காலமாகக் கிடைத்து வந்தது. பெரும்பாலான நூல்களில் இச்செய்தி ஒரு வரியில் முடிந்துவிடும். அண்மை ஆண்டுகளில் வேறொரு விடை வலுப்பெற்று வருகிறது. அமெரிக்க நாட்டில் செயின்ட் லூயிஸ் நகரத்து உயர்நிலைப்பள்ளி ஆசிரியராக இருந்த சார்லஸ் ஹென்றி டர்னர், 1910ஆம் ஆண்டிலேயே இதனைச் செய்து காட்டிவிட்டார். அவர் கறுப்பினத்தவர் ஆதலால் பெயர் மறைக்கப்பட்டது. அவருக்குரிய புகழை ஐரோப்பியர் ஒருவர் பெற்றுக்கொண்டார் என்பதே அவ்விடை. 2020இல் சயன்ஸ், கரண்ட் பயாலஜி ஆகிய ஆய்விதழ்கள் டர்னரைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டன. அதன் பின்னர் இக்கதை எளிய வடிவில் பல இடங்களுக்கும் பரவியது.

இக்கூற்றில் உண்மை உண்டு, மிகையும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காண்பதால் டர்னரின் பெருமை குறைந்துவிடாது. பிரித்துக் காணாமல் புகழ்வதே குறை என்க. அப்புகழ்ச்சி அவர் எழுதியதைப் படியாமல் வருவது.

டர்னர் 1867இல் சின்சினாட்டி நகரில் பிறந்தார். அவ்வூர்ப் பல்கலைக்கழகத்திலேயே 1891இல் இளநிலைப் பட்டமும், அடுத்த ஆண்டில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அட்லாண்டாவில் கறுப்பின மாணவர்க்கென நடந்த கல்லூரி ஒன்றில் பல ஆண்டுகள் கற்பித்தார். சிக்காகோ பல்கலைக்கழகம் 1907இல், எறும்புகள் இல்லம் திரும்பும் வகை பற்றிய ஆராய்ச்சிக்காக, அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. அப்பொழுது அவர்க்கு அகவை நாற்பது. மறு ஆண்டு செயின்ட் லூயிஸ் நகரத்துச் சம்னர் உயர்நிலைப்பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். 1922 வரை அங்கேயே இருந்தார். வாழ்நாளில் அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் சுமார் எழுபது. அவற்றுள் பெயர்பெற்ற பல, பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்த பின்னும் விடுமுறை நாள்களிலும் செய்த ஆய்வின் பயனே.

இனி அந்த 1910ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு வருவோம். செயின்ட் லூயிஸ் நகரத்து ஓபாலன் பூங்காவே டர்னரின் ஆய்வுக்கூடம். பூக்களை நாடி அங்கு வந்த தேனீக்களை அவர் செந்நிற அட்டை வட்டுகளில் வைத்த தேனுக்குப் பழக்கினார். பின்னர், வேறு நிறப் பொருள்களோடு கலந்து வைத்தபொழுதும் அவை செந்நிறத்தையே தேடி வந்தன. வட்டுகளோடு நில்லாமல், கூம்புகளாலும் சிறு பெட்டிகளாலும் இதனைத் திரும்பத் திரும்பச் செய்தார். தேனின் மணம்தான் வழி காட்டிற்றோ என்னும் ஐயத்துக்கு இடமில்லாதபடி, தேன் தொடாத புதிய பொருள்களையும் வைத்துப் பார்த்தார். பூச்சிகள் பூவை அடைவது மணத்தாலேயே, நிறத்தால் அன்று என்று பெல்ஜிய நாட்டுப் பிளாட்டோ போன்ற அறிஞர் வாதித்து வந்த காலம் அது. ஆதலின் மணத்தை விலக்கிக் காட்டியது சிறு செயல் அன்று.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் சிவப்புச் சேலையும் நீலச் சேலையும் நிறமாகத் தோன்றா. ஆனால் ஒன்று கருமை மிகுந்தும் மற்றொன்று வெளிறியும் தோன்றக்கூடும். நிறம் அறியாத கண்ணும் இவ்வேறுபாட்டைக் கொண்டு இரண்டையும் பிரித்தறியலாம் அன்றோ? அவ்வாறாயின், தேனீ சிவப்பைச் சிவப்பாகக் கண்டதா, அல்லது ஒருவகைச் சாம்பலாகக் கண்டதா? இவ்வினாவைப் பின்வந்தோர் எவரும் எழுப்பித் தரவேண்டியிருக்கவில்லை. தேனீக்கள் நிறங்களைச் சாம்பலின் வேறுபாடுகளாகக் காணவும் கூடும் என்று டர்னரே இடம்விட்டு எழுதினார். அவரைப் புகழ்வோர் பலர் கடந்து செல்லும் இடம் இதுவே. தம் ஆய்வின் எல்லையைத் தாமே குறித்து வைத்த ஒருவரை, எல்லை கடந்து வென்றவராகக் காட்டுவது எவ்வகை நன்றி?

வான் ஃபிரிஷ் 1914இல் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவுக்கே விடை சொல்லிற்று. விலங்குகளின் கண்ணை ஆராய்ந்த கார்ல் வான் ஹெஸ் என்னும் கண் மருத்துவர், மீனும் பூச்சியும் நிறக்குருடு உடையவை என்று முடிவு கூறியிருந்தார். அதனை மறுக்கப் புகுந்த வான் ஃபிரிஷ், வெண்மை முதல் கருமை வரை படிப்படியாக மாறும் சாம்பல் அட்டைகளைச் சதுரங்கப் பலகைபோல் பரப்பி, நடுவே ஒரே ஒரு நீல அட்டையை வைத்தார். நீலத்தில் உணவு பெற்றுப் பழகிய தேனீக்கள், உணவு இல்லாத புதிய நீல அட்டையையும் தவறாமல் நாடின. எந்தச் சாம்பலோடும் அதனை மயங்கவில்லை. நீலம் அவற்றுக்கு நிறமே என்பது உறுதியாயிற்று. சிவப்பை வைத்தபோதோ அவை தடுமாறின. கருஞ்சாம்பலையும் கறுப்பையும் சிவப்போடு மயங்கின. நிறங்களுள் எதனை டர்னர் தேர்ந்தெடுத்தாரோ, அதுவே தேனீயின் கண்ணுக்கு நிறமாகப் புலப்படாதது! நற்பேறு இல்லாத தேர்வு என்றே சொல்லவேண்டும். நீலத்தை எடுத்திருந்தாலும் சாம்பல் அட்டைகள் இன்றி வழக்கு முடிந்திராது என்பதும் உண்மை.

ஆகவே, முந்தியவர் யார் என்னும் வழக்கில் தீர்ப்பு இதுதான். மணத்தை விலக்கிப் பார்வைக்குத் திறமான சான்று காட்டியதில் டர்னர் முந்தினார். நிறக்காட்சியை மெய்ப்பித்தவர் வான் ஃபிரிஷ். இத்தீர்ப்பை டர்னர் இருந்தால் மறுத்திருக்க மாட்டார்.

இவ்வழக்கு ஒன்றையே பேசிக்கொண்டிருப்பதால் டர்னரின் பிற ஆக்கங்கள் மறைந்துபோகின்றன. 1911இல் அவர் தேனீக்கள் கோலங்களையும் வடிவங்களையும் பிரித்தறிவதை ஆராய்ந்தார். கரப்பான்பூச்சி தனக்கு இயல்பான இருட்டிடத்தை விலக்கக் கற்கும் என்று மின்னதிர்ச்சி கொண்டு காட்டினார். அந்துப்பூச்சி ஒலி கேட்கும் என்றார். பூச்சி என்பது ஒளியும் மணமும் இழுத்த வழி செல்லும் பொறியே என்னும் கொள்கை செல்வாக்குப் பெற்றிருந்த நாளில், எறும்பு பட்டறிவால் கற்கிறது, வழியை நினைவில் கொள்கிறது என்று அளந்து காட்டியவர் அவர். கூட்டை நெருங்கிய எறும்பு வட்டமிட்டுத் தேடும் இயக்கத்துக்கு, விக்டர் கோர்னெட்ஸ் என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் டர்னரின் பெயரையே இட்டார். பெயர் முற்றிலும் மறைந்திருந்தது என்பதும் இதனால் அடிபடுகிறது. பெயர் இருந்தது, பணிக்குத்தான் வாரிசு இல்லை.

டர்னர் இழந்தது எது என்பது இங்கேதான் விளங்கும். வான் ஃபிரிஷின் வாழ்க்கையை அருகில் வைத்துப் பார்க்க. அவர் தாய்மாமன் சிக்மண்ட் எக்ஸ்னர், பூச்சிகளின் கூட்டுக்கண்ணை ஆராய்ந்து நூல் எழுதிய பேராசிரியர். புருன்விங்கிள் என்னும் ஏரிக்கரைக் குடும்ப இல்லம் கோடைதோறும் ஆய்வுக்களம் ஆயிற்று. சுற்றத்தாரும் உதவியாளர் ஆயினர். 1921 முதல் ராஸ்டாக், பிரெஸ்லாவ், மியூனிக் என அடுத்தடுத்துப் பேராசிரியப் பதவிகள். 1930களின் தொடக்கத்தில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் பொருளுதவியால் மியூனிக்கில் புதிய விலங்கியல் நிலையம் எழுந்தது. மார்ட்டின் லிண்டவர் போன்ற மாணவர் அவர் பணியைத் தம் பணியாக மேற்கொண்டனர்.

இப்பதவிகள் தந்த பெரும் பயன் கருவிகள் அல்ல என்பதற்கு அவர் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1923இல் அவர் தேனீ நடனத்தைப் பற்றி எழுதியபொழுது, வட்ட நடனம் பூந்தேனையும், உடலசைத்து ஆடும் நடனம் மகரந்தத்தையும் அறிவிப்பன என்றார். அது பிழை. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1940களின் நடுவில், அவ்வேறுபாடு இரையின் வகையைப் பற்றியது அன்று, தொலைவைப் பற்றியது என்றும், உடலசைவு நடனத்தின் சாய்வு கதிரவனை வைத்துத் திசை சொல்கிறது என்றும் அவரே திருத்தினார். 1973இல் லோரென்ஸ், டின்பெர்கன் ஆகியோரோடு நோபெல் பரிசு பெற வழி செய்தது அத்திருத்தமே. தம் பிழையிடம் திரும்பி வர அவர்க்கு இருபது ஆண்டுகளும், கூடுகளும், ஆள்களும் இருந்தன. டர்னரோ 1910இல் ஒரு நேரிய வினாவை எழுதி வைத்தார், வகுப்புக்குத் திரும்பினார், விடையை நான்கே ஆண்டுகளில் வேறொருவர் கண்டார்.

வான் ஃபிரிஷின் பாதையும் மலர் தூவியது அன்று. தாய்வழிப் பாட்டியின் யூத மரபைக் காரணம் காட்டி, 1941இல் நாஜி அரசு அவரைப் பதவியினின்று நீக்க முற்பட்டது. அப்போது நோசிமா என்னும் நோயால் தேன்கூடுகள் பெருவாரியாக அழிந்துகொண்டிருந்தன. உணவு விளைவுக்குத் தேனீ தேவை என்பதனால் நீக்கம் போர் முடியும் வரை ஒத்திவைக்கப்பட்டது. அறிஞரை அறிவு காக்கவில்லை. தேனீயின் நோய் காத்தது.

டர்னருக்குப் பல்கலைக்கழகப் பதவி கிட்டாமைக்கு நிறவெறியே காரணம் என்பர் சிலர். தம் இனப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க அவரே பள்ளியை விரும்பினார் என்பர் வேறு சிலர். இரண்டாம் கூற்றைச் சொல்வோர் ஒன்றை எண்ணுதல் நலம். ஒரு கதவு அடைபட்டிருக்கையில் மறு கதவை ஒருவர் அன்போடு திறந்து சென்றார் என்றால், அடைத்தவர் மீதுள்ள பழி அதனால் நீங்குமா? இது நிற்க, பள்ளி ஆசிரியப் பணியை அவர்க்கு நேர்ந்த வீழ்ச்சியாகவே எழுதுகின்ற வழக்கமும் ஒழிய வேண்டும். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே கறுப்பினத்தார்க்கு ஏற்பட்ட முதல் உயர்நிலைப்பள்ளி சம்னர். ஆய்வுக்கு நேரம் தராத அமைப்பைக் குறை கூறலாம். வகுப்பறையைக் குறை கூறுதல் தகாது.

டர்னர் 1923 பிப்ரவரியில், ஐம்பத்தாறாம் வயதில் மறைந்தார். இரண்டு ஆண்டுகளில் செயின்ட் லூயிஸ் நகரம் உடற்குறையுற்ற பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது. அமெரிக்காவின் விலங்கு நடத்தையியல் கழகம், ஆராய்ச்சித் துறையில் இடம் கிடைக்காத சமூகத்து இளநிலை மாணவர்களைத் தன் ஆண்டு மாநாட்டுக்கு அழைத்து, துறையில் மூத்தாரோடு பழகச் செய்யும் திட்டத்தை அவர் பெயரால் நடத்தி வருகிறது. முதல்வர் என்னும் பட்டத்தைக் காட்டிலும் இது பொருத்தமான நினைவுச் சின்னம். ஓபாலன் பூங்காவில் தனியாகத் தேனீக்களை எண்ணிக்கொண்டிருந்தவருக்குக் கிடைக்காத துணையை, அவர் பெயர் இப்போது பிறர்க்குத் தேடித் தருகிறது.