படம் தன் பெயரை மறக்கும் இடம்

வேறு வேறு ஊரில் இருக்கும் இரண்டு பேர் சேர்ந்து, படங்கள் நிறைந்த புத்தகம் எழுத எந்த மென்பொருள் நல்லது? இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான். கூகுள் டாக்ஸ், வேர்ட், ஓவர்லீஃப், இன்டிசைன், ஸ்கிரைபஸ் என்று அடுக்கி, எதில் செலவு குறைவு, எதில் வசதி அதிகம் என்று ஒப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அந்தப் பட்டியல்களில் இல்லாத ஒரு கேள்விதான் முதலில் கேட்க வேண்டியது என்று இப்போது தோன்றுகிறது. உள்ளே போன படம், தான் எந்தப் படம் என்பதை மறந்துவிடுகிறதா, இல்லையா?

எங்கள் நூல் நடுகற்களைப் பற்றியது. கல்வெட்டு வாசிப்பது ஐயா. அவர் இப்போது டொராண்டோவில் மகள் வீட்டில் இருக்கிறார். களத்துக்குப் போய்ப் படம் எடுப்பது நான். எங்களுக்கிடையே கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் வித்தியாசம். அவர் எழுதும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். பேசித் திருத்துவது அபூர்வம். ஆவணம் என்ன சொல்கிறதோ அதைத்தான் இருவரும் நம்ப வேண்டும்.

முதலில் இணையத்தில் ஒரே ஆவணத்தைத் திறந்து, எழுத்துக்கு நடுவிலேயே படங்களை இழுத்துப் போட்டோம். பார்க்க நல்லாத்தான் இருந்தது. அவர் ஒரு பத்தியை மேலே நகர்த்த, நான் வேறொரு படத்தை மாற்ற, எங்கோ ஓரிடத்தில் இரண்டு கற்களின் படங்கள் இடம் மாறிவிட்டன. இரண்டும் ஆநிரை மீட்டு இறந்தவர்களின் கற்கள். இரண்டிலும் வில்லேந்திய வீரன், காலடியில் மாடு.

"தம்பி, இது மூணாவது கல்லா, ஏழாவது கல்லா?" என்று ஐயா கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இத்தனைக்கும் படம் எடுத்தவனே நான்தான்! திரும்ப அந்த ஊருக்கே போய்ப் பார்த்தால், ஒரு கல்லுக்கு வெள்ளையடித்து, எழுத்து மேலேயே பெயின்ட் பூசியிருந்தார்கள். வழிபடுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கல்வெட்டுக்கு இனி என் படம்தான் சாட்சி. அதன் கீழே தப்பான ஊர்ப் பெயர் அச்சாகியிருந்தால், அதைப் பார்த்து எழுதுகிறவர்களும் அதே தப்பைத் தொடர்ந்திருப்பார்கள்.

சரி, மென்பொருள்களுக்கு வருவோம்.

இருவர் சேர்ந்து எழுத கூகுள் டாக்ஸ் மாதிரி வசதி வேறில்லை. யார் எதைத் திருத்தினார்கள் என்று தெரியும், ஓரத்தில் குறிப்பு எழுதலாம், பழைய வடிவத்துக்குத் திரும்பலாம். இதெல்லாம் எழுத்துக்கான வசதிகள். படத்துக்கு அது சேமிப்புக் கிடங்கு அல்ல. வேர்டின் டாக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். பிரித்துப் பார்த்தால் படங்கள் இமேஜ்1, இமேஜ்2 என்று வரிசை எண்ணோடு கிடக்கும். நாம் வைத்த கோப்புப் பெயர் போச்சு. போதாததற்கு, படங்களைச் சுருக்க வேண்டாம் என்று அமைப்பில் சொல்லி வைக்காவிட்டால், சேமிக்கும்போது துல்லியமும் குறையலாம்.

லேடெக் இதற்கு நேர்மாறு. அங்கே படம் ஆவணத்துக்குள் போவதில்லை; பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். கோப்பு இல்லையென்றால் பிழை காட்டும். ஸீலேடெக் மூலம் தமிழும் ஒழுங்காக வரும். ஆனால் எழுபது வயதுக் கல்வெட்டறிஞரிடம் கட்டளை மொழி படிக்கச் சொல்வது நியாயமில்லை. இன்டிசைனும் ஸ்கிரைபஸும்கூடப் படத்தை இணைப்பாகவே வைத்துக்கொள்ளும். ஆனால் அவை பக்கம் கட்டும் கருவிகள். இருவர் உட்கார்ந்து எழுதும் மேசை அல்ல. இன்டிசைனில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக, எல்லாவற்றையும் ஒரே கருவி செய்ய வேண்டும் என்று தேடியதுதான் எங்கள் தவறு. லேடெக்கிடமிருந்து அந்த ஒழுங்கை மட்டும் கடன் வாங்கினோம். ஒவ்வொரு படத்துக்கும் மாறாத ஓர் எண். நீக்கிய படத்தின் எண்ணை மறுபடி யாருக்கும் தருவதில்லை. மூலப் படங்கள் தனிக் கோப்புறையில், அந்த எண்ணின் பெயரிலேயே. ஊர், எடுத்த தேதி, கல்லின் இருப்பிடம், விளக்கம் எல்லாம் ஒரு விரிதாளில். கட்டுரையில் 'படம் 047' என்று மட்டும் வரும். புத்தகத்தில் அச்சாகும் பட எண் வேறு. அது கடைசியில், பக்கம் கட்டும்போதுதான்.

"படத்தைப் பார்க்காம எப்படித் தம்பி எழுதறது?" என்றார் ஐயா. நியாயமான கேள்வி. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சிறு பிரதி எடுத்து, மூலையில் எண்ணைப் படத்தின் மேலேயே பொறித்து, அதை மட்டும் ஆவணத்தில் போடுகிறோம். எங்கே நகர்ந்தாலும் எண் கூடவே போகும்.

அச்சுக்கு இந்தச் சிறு பிரதி உதவாது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், 6000 பிக்சல் அகலமுள்ள மூலப்படம் 20 அங்குலம் வரை தாங்கும். வாட்ஸப்பில் சுருங்கி 1600 பிக்சலாக வந்த படம் 5 அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

இந்த முறையில் வேலை கூடுதல்தான். விரிதாளை நிரப்புவது அலுப்பு. ஒரு வாரம் விட்டால் குவிந்துவிடும். ஆனாலும் கருவி தேடுகிறவர்களுக்கு ஒரு சோதனை சொல்வேன். பத்துப் படங்களைப் போட்டு, கோப்பை ஏற்றுமதி செய்து, படங்களை மட்டும் தனியே பிரித்தெடுங்கள். எது எந்த ஊர்க் கல் என்று அப்போதும் சொல்ல முடிந்தால், அந்தக் கருவியை நம்பி எழுதலாம். முடியாவிட்டால், படத்தின் பெயரைக் காப்பாற்றும் வேலை உங்களுடையது.